பெயர் போடாத ஒரு ஜெபச் சீட்டு: யோசனை சொல்லுங்கள்

ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலை வேதபாடம் எடுக்கிறேன். போன வாரம் ஜெபக் குறிப்பு எழுதச் சொன்னேன். வழக்கம்போல் பரீட்சை, மார்க். ஒரு சீட்டில் மட்டும், "ஜெபம் பண்ணினால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கு" என்று பென்சிலில் எழுதி, பாதி அழித்திருந்தது.

அதை அழிக்காமல் கர்த்தரிடமே சொல்லலாம் என்று எப்படிப் புரியவைப்பது? வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் சங்கீதம் 13 சுலபம். ஆறே வசனம், புலம்பலில் தொடங்கிப் பாட்டில் முடியும். ஆனால் 88 இருளிலேயே முடிகிறதே, அதையும் வாசிக்கலாமா? ஆதியாகமத்தில் யாக்கோபு யாப்போக்கு ஆற்றருகே விடியும்வரை தேவனோடு போராடி, புதுப் பெயரோடும் நொண்டுகிற காலோடும் போனானே, அதிலிருந்து தொடங்கவே எனக்கு ஆசை.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பேசியவர்கள், எப்படி ஆரம்பித்தீர்கள்? ஞாயிறுக்குள் சொன்னால் நல்லது. அந்தச் சீட்டை வகுப்பில் வாசிக்கப் போவதில்லை.