யூவி டிடிஎஃப்: சின்ன எழுத்து மட்டும் நிழல் விழுந்த மாதிரி வருகிறது, என்ன செய்யலாம்?

நுவரெலியா_ஸ்டிக்கர்:
வணக்கம் அண்ணன்மாரே. டவுனில் சின்னக் கடை, மக், தண்ணீர்ப் போத்தல், டூரிஸ்ட் ஆட்கள் வாங்கும் தேயிலை டின் இதுகளுக்குத்தான் யூவி டிடிஎஃப் ஸ்டிக்கர் (ஃபிலிமில் அடித்து, யூவி வெளிச்சத்தில் மையைக் காய வைத்து, பொருளில் ஒட்டுவது) அடிக்கிறோம். எக்ஸ்பி600 ஹெட் (மை தெளிக்கிற பாகம்) போட்ட ஏ3 மெஷின். பெரிய படம், லோகோ எல்லாம் பளிச்சென்று வருகிறது. ஆனால் சின்ன எழுத்து அடித்தால் ஓரம் கலங்கிப் போகிறது, "ஹட்டன்" என்று அடித்தால் ட் மேலே இருக்கிற புள்ளி பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறது. நொசில் செக் (மைத் துளைகள் எல்லாம் அடிக்கிறதா என்று பார்க்கிற சோதனை அச்சு) போட்டால் ஒரு கோடுகூட விடவில்லை. காலையில் கடை திறந்தவுடன் இன்னும் மோசம், பகலில் கொஞ்சம் பரவாயில்லை. ஹெட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். அது பெரிய செலவு, அதனால்தான் கேட்கிறேன்.

பதுளை_பிரிண்ட்:
தம்பி, ஹெட்டைத் தொடாதீங்க. நொசில் எல்லாம் அடிக்குது என்றால் அது ஹெட் சாகிற அறிகுறி இல்லை. புள்ளி பக்கவாட்டில் இரண்டாகிறது என்று சொன்னீங்களே, அதிலேயே பாதி விடை இருக்கு. ஹெட் போகும்போது ஒரு இடத்திலும் திரும்பி வரும்போது கொஞ்சம் தள்ளியும் மை விழுகிறது. அதே ஃபைலை ஒரு பக்கம் மட்டும் அடிக்கிற மாதிரி, அதாவது யூனி டைரக்ஷனில் போட்டுப் பாருங்க. எழுத்து தெளிவாக வந்தால் பை-டைரக்ஷன் அலைன்மென்ட்தான், அதாவது போகும்போதும் வரும்போதும் மை ஒரே இடத்தில் விழுகிற பொருத்தம்தான் பிசகியிருக்கு. அதே வேகத்தில், அதே பாஸில் (ஒரே இடத்தில் ஹெட் எத்தனை தடவை ஓடுது என்பது) திரும்ப அளவு எடுங்க, வேகத்தை மாற்றினால் அந்த அளவும் மாறும். ஒரு பக்கம் அடித்தும் கலங்கினால் என்கோடர் ஸ்ட்ரிப்பை (ஹெட் ஓடுகிற வழியில் இருக்கிற மெல்லிய கோடு போட்ட பட்டி) பாருங்க, மைத் தூசி படிந்தால் ஹெட் தன் இடத்தைத் தப்பாகப் படிக்கும். பஞ்சு உதிராத துணியில் தண்ணீர் தொட்டு மெதுவாகத் துடைங்க. தின்னர், கிளீனிங் லிக்விட் எதுவும் வேண்டாம், அதில் இருக்கிற மெல்லிய கோடு அழிந்தால் அப்புறம் புது ஸ்ட்ரிப்தான்.

ஹட்டன்_அக்கா:
மேலே சொன்னது சரி, ஆனால் காலையில் மோசம் என்பதை யாரும் கவனிக்கவில்லையே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே. கொழும்பில் இருந்து மெஷின் பூட்ட வருகிறவர்கள் அந்த ஊர்ச் சூட்டுக்கு செட் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். யூவி மை குளிரில் தடிக்கும், தடித்த மை சரியான துளியாக விழாது. அறை 20 பாகைக்கு மேலே வந்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள், ஹெட் ஹீட்டர் இருந்தால் முதலில் அதைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். வெள்ளை மையை மறக்காமல் குலுக்குங்கள், அதன் டைட்டானியம் டயொக்சைட் ராத்திரியில் அடியில் படிந்துவிடும்.

இன்னொன்று ஃபிலிம். பனி ஈரத்தில் ஏ ஃபிலிம் (அச்சு விழுகிற ஃபிலிம்) ஓரம் அலையடித்து எழும்பும். அந்த இடத்தில் மட்டும் ஹெட்டுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள இடைவெளி மாறி எழுத்து கலங்கும், சில நேரம் ஹெட்டே உரசும். ஃபிலிமைப் படிய வைக்கிற உறிஞ்சும் காற்றைக் கூட்டி, இடைவெளியை 2 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். திறந்த ரோலைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

பண்டாரவளை_டிசைன்:
மெஷினையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, ஃபைல் எப்படி வருகிறது? வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்புகிற லோகோவை இழுத்துப் பெரிதாக்கினால் எந்த மெஷினும் தெளிவாக அடிக்காது. 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 1,180 பிக்சல் வேண்டும். டொக்யுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், எழுத்தை நீங்களே வெக்டரில் (எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத கோட்டு வடிவம்) திரும்ப அடித்துவிடுங்கள். ரிப்பில் (ஃபைலை மெஷினுக்கு அனுப்புகிற மென்பொருள்) நிறத்துக்கு அடியில் வருகிற வெள்ளையை ஓரிரு பிக்சல் உள்ளே தள்ளுங்கள், இல்லையென்றால் எழுத்தைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்க்கும், அதுவும் நிழல் மாதிரித்தான் தெரியும். மேலே அடிக்கிற நிறமில்லாத வார்னிஷ் அதிகமானாலும் வழிந்து ஓரம் மொழுங்கிவிடும். வார்னிஷ் இல்லாமல் ஒன்று அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நுவரெலியா_ஸ்டிக்கர்:
பதுளை அண்ணன் சொன்ன மாதிரி ஒரு பக்கம் அடித்தேன், புள்ளி ஒன்றாகிவிட்டது! அலைன்மென்ட் எடுத்த பிறகு இரண்டு பக்கமும் நல்லாவே வருகிறது. காலைப் பிரச்சினை மட்டும் லேசாக இருக்கிறது. அக்கா, ஹெட் ஹீட்டர் இந்த மெஷினில் இல்லை, அறைக்குள் சாதாரண ரூம் ஹீட்டர் வைத்தால் போதுமா?

ஹட்டன்_அக்கா:
போதும், ஆனால் மெஷினுக்கு நேரே திருப்பாதீங்க, ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் ஃபிலிம் சுருளும். சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். மெஷினும் ஹீட்டரும் ஒரே பிளக்கில் வேண்டாம்.