டி.எஸ்.எல்.ஆரில் ஸ்டாப் மோஷன்: ஓட்டினால் படம் மினுக்குகிறது, என்ன செய்ய?

கொலுப்படி:
வணக்கம். வீட்டில் கேனான் 700டி சும்மா கிடக்கிறது, கூடவே வந்த 18-55 லென்ஸோடு. கொலுவில் வைக்கும் தஞ்சாவூர் நாட்டியப் பொம்மையை ஸ்டாப் மோஷனில், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் போட்டோ போட்டோவாக எடுத்துச் சேர்த்து, ஆடவைத்து ஒரு பத்து விநாடிப் படம் எடுக்க ஆசை. மாடியில் ஜன்னலோரம் மேசை போட்டு ஆரம்பித்தேன். போட்டோக்கள் தனித்தனியாக நன்றாகத்தான் இருக்கின்றன. சேர்த்து ஓட்டினால் வெளிச்சம் கூடிக் குறைந்து கண்ணைப் படுத்துகிறது. பொம்மையும் ஆடவில்லை, நடுங்குகிறது. கேமரா எம் மோடில்தான், அதாவது மேனுவலில்தான் இருக்கிறது. புது லென்ஸ் வாங்க வேண்டுமா?

இருட்டறை:
இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். எம் மோடு மட்டும் போதாது. ஐ.எஸ்.ஓ.வும் (ஒளியை உணரும் அளவு) ஒயிட் பேலன்ஸும் (நிறச் சமநிலை) ஆட்டோவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபோகஸ் சுவிட்ச் எம்.எஃப்.பில் (மேனுவல் ஃபோகஸ்) இருக்கட்டும், கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் கேமரா தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது அந்த ஜன்னல். விநாடிக்கு 12 போட்டோ என்றாலே பத்து விநாடிக்கு 120. அதை எடுத்து முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிடும். கனமான போர்வையால் ஜன்னலை மூடிவிட்டு இரண்டு டேபிள் லேம்ப் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல பல்புகள் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/200 விநாடி என்றால் ஒரு போட்டோ தெளிவில் மாட்டும், அடுத்தது மங்கலில் மாட்டும். அரை விநாடி வைத்தால் 50 துடிப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். பொம்மை எங்கும் ஓடப்போவதில்லை, தைரியமாக வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் லென்ஸ் துவாரம்) எஃப் 8 போதும். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், அதில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே பொம்மை முகத்தில் விழும்.

இவ்வளவுக்கும் பிறகு மினுக்கினால் கோளாறு லென்ஸுக்குள். ஒவ்வொரு கிளிக்குக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள் மூடித் திறக்கும். எஃப் 8 என்று வைத்தாலும் ஒவ்வொரு முறையும் மயிரிழை முன்னே பின்னேதான் நிற்கும். தனிப் படத்தில் தெரியாது, ஓட்டினால் தெரியும். பழைய மேனுவல் நிக்கான் லென்ஸ் கிடைத்தால் அடாப்டரில் மாட்டுங்கள். வளையத்தைத் திருப்பி வைத்த இடத்தில் இதழ்கள் அப்படியே நிற்கும். 2005இல் வந்த ‘கார்ப்ஸ் பிரைட்’ படத்தையே கேனான் உடலில் நிக்கான் லென்ஸ் மாட்டித்தான் எடுத்தார்கள்.

திருகாணி:
அடாப்டர் வாங்காமலே ஒரு வழி இருக்கிறது. முதலில் ஃபோகஸ் செய்துவிடுங்கள்; லென்ஸ் எஸ்.டி.எம். (மோட்டாரால் ஃபோகஸ் ஆகும் வகை) என்றால், திருகிய பிறகு ஃபோகஸ் வளையம் வேலை செய்யாது. டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை (கிளிக் செய்யும் முன்பே இதழ்களை மூடிக் காட்டுவது) அழுத்திப் பிடித்தபடியே லென்ஸ் கழற்றும் பட்டனையும் அழுத்தி, லென்ஸைக் கொஞ்சம் மட்டும் திருகுங்கள். திரையில் எஃப்00 என்று வந்தால் தொடர்பு விட்டுவிட்டது, இதழ்கள் எஃப் 8இலேயே நின்றுவிட்டன என்று அர்த்தம். முழுசாகத் திருகிக் கையில் எடுத்துவிடாதீர்கள்!

கொலுப்படி:
போர்வையும் அரை விநாடியும் நிறையவே சரிசெய்துவிட்டன. மிச்சம் இருந்த மினுக்கலும் லென்ஸைத் திருகியவுடன் போய்விட்டது, இருவருக்கும் நன்றி. ஆனால் பொம்மை இன்னும் நடுங்குகிறது. தொட்டாலே தலை ஆடிக்கொண்டே இருக்கிறது.

இருட்டறை:
அந்தப் பொம்மை ஆடுவதற்கென்றே செய்தது. பாவாடை, உடம்பு, தலை எல்லாம் தனித்தனியாகக் கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முனையிலும் மிளகளவு மாடலிங் களிமண் வையுங்கள். விட்ட இடத்தில் நிற்கும், தள்ளினால் நகரும். மின்விசிறியையும் நிறுத்துங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை.

கேமராவைக் கையால் தொடவே வேண்டாம். கேனானின் இ.ஓ.எஸ். யூட்டிலிட்டி மென்பொருள் இலவசம், லேப்டாப்பிலிருந்தே கிளிக் செய்யலாம். லேப்டாப் திரையில் ஒரு ஓ.எச்.பி. ஷீட்டை (ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, ஒவ்வொரு போட்டோவுக்கும் மூக்குத்தி இருக்கும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். தலை இடமிருந்து வலம் போகும்போது ஓரங்களில் புள்ளிகள் நெருங்கியும் நடுவில் விலகியும் இருக்க வேண்டும். சம தூரத்தில் விழுந்தால் இயந்திரம் மாதிரி இருக்கும். முன்னும் பின்னும் சிதறினால் அதுதான் நீங்கள் சொல்லும் நடுக்கம். டிராகன்ஃபிரேம் மென்பொருளில் முந்தைய போட்டோ நிழலாகத் தெரியும், ஷீட் தேவையில்லை. ஆனால் அது காசு. முதல் படத்துக்கு ஷீட் போதும்.

கொலுப்படி:
ரா-வில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுக்க வேண்டுமா?

திருகாணி:
வேண்டாம். மீடியம் ஜேபெக் 3456 பிக்சல் அகலம், ஃபுல் எச்.டி.க்கு 1920 போதும். அப்புறம், 700டியில் பேட்டரிக் கதவு அடிப்பக்கம். ட்ரைபாட் பிளேட் அதை மறைக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் கழற்றினால் ஃபிரேம் போச்சு. கரண்டில் ஓடும் டம்மி பேட்டரி கிடைக்கிறது.