ஓராண்டில் கைத்தொலைபேசிக்கு மூன்று பின்னுறைகள் மாற்றிவிட்டேன்: மணலுக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும், பார்வைக்கும் அழகான உறை எது?

இழையைத் தொடங்கியவர், உப்புவெளி

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கிறேன். நாள்தோறும் ஸ்கூட்டியில் திருகோணமலை நகரிலுள்ள அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். சென்ற ஆண்டு கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த அண்ணா எனக்கு ஒரு ரெட்மி நோட் 13 கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து தந்தார். அதற்கு இதுவரை மூன்று பின்னுறைகள் வாங்கியாகிவிட்டது. மூன்றும் ஒவ்வொரு வகையில் ஏமாற்றின.

முதலாவது, 600 ரூபாய்க்கு வாங்கிய கண்ணாடி போன்ற உறை. நான்காம் மாதத்திலேயே அது பழைய தேங்காயெண்ணெய்ப் போத்தலின் நிறத்துக்கு மாறியது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இரண்டாவது, உள்ளே திரவமும் மினுமினுப்புத் துகள்களும் மிதக்கும் உறை. அழகுக்காக ஆசைப்பட்டு வாங்கியதுதான், மறைக்கவில்லை. ஒரு நாள் அதன் மூலை வெடித்து எண்ணெய் போன்ற ஏதோ ஒன்று கசிந்து கைப்பையெல்லாம் பிசுபிசுத்துப் போனதோடு, உள்ளங்கையிலும் அரை நாள் அரிப்பு இருந்தது. மூன்றாவதுதான் இப்போது இருப்பது: வெளிர் நீல நிறத்தில், தொடுவதற்கு மென்மையான, 1,500 ரூபாய் பெறுமதியான உறை. இதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

என்னோடு பேசுகிறவர்கள் எல்லோரும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்கிறார்கள். மாலையில் கடற்கரைக்குப் போய் வந்தால் உறைக்குள் மணல் புகுந்துவிடுகிறது. முதுகுப் பக்கத்தில் கீறல்கள் விழுந்துவிட்டன. இரவில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் படம் முழுவதும் வெள்ளைப் புகை படர்ந்தது போல இருக்கிறது.

2,000 ரூபாய்க்குள் நல்லதொரு உறை வேண்டும். ஆனால் கறுப்புச் செங்கல் போன்ற ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. பின்புறம் காந்த வளையம் வைத்த உறையை வாங்கும்படி அலுவலகத் தோழி ஒருவர் சொல்கிறார். அதுவும் பயன்படுமா என்று சொல்லுங்கள்.

மறுமொழி: கைத்தொலைபேசி திருத்துபவர், மத்திய வீதி

சகோதரி, விலையையும் நிறத்தையும் பேசுவதற்கு முன்பு ஒன்றைச் சரிபாருங்கள். ரெட்மி நோட் 13 என்ற ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என்று அளவில் வேறுபட்ட இரண்டு கைத்தொலைபேசிகள் உள்ளன. 4ஜி வகை ஏறத்தாழ 162.2 மில்லிமீற்றர் நீளமும் 75.5 அகலமும் 8 தடிப்பும் கொண்டது. 5ஜி வகையோ 161.1 நீளம், 75 அகலம், 7.6 தடிப்பு. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் உறை விடயத்தில் அந்த ஒரு மில்லிமீற்றரே எல்லாம். என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை 4ஜி. வெளிநாட்டிலிருந்து வந்த உங்களுடையது 5ஜியாக இருந்து, கடைக்காரர் பெயரை மட்டும் கேட்டு 4ஜிக்குரிய உறையை எடுத்துத் தந்திருந்தால், நீங்கள் சொன்ன மூன்று சிக்கல்களும் அதிலிருந்தே வந்திருக்கலாம்.

அமைப்புகளுக்குள் சென்று ‘தொலைபேசியைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால் முழுப் பெயர் தெரியும். பிறகு உறையைப் போட்டபடி காதருகே வைத்து அசைத்துப் பாருங்கள்; மெல்லிய தட்டல் ஒலி கேட்டால் உறை தளர்வானது. அடுத்து, உறையோடு ஒரு தடவையும் உறையைக் கழற்றி ஒரு தடவையும் குரலைப் பதிவு செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒலிவாங்கியின் துளை ஊசி முனையளவுதான் இருக்கும். உறையிலுள்ள துளை சற்று விலகினாலே சிலிக்கோன் அதை மூடிவிடும். பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் மேல் விளிம்பிலும் சுற்றுப்புற இரைச்சலைக் குறைப்பதற்கென இன்னொரு ஒலிவாங்கி உள்ளது. அது அடைபட்டாலும் எதிர்முனையில் குரல் தெளிவாகக் கேட்காது. இதைத் தெரியாமல், ஒலிவாங்கியையே மாற்றித் தருமாறு பணத்தோடு வருபவர்கள் உண்டு. உறையைக் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

பிளாஷ் சிக்கலுக்கும் இதே சோதனைதான். கமராத் துளையின் ஓரம் வெளிர் நிறமாகவோ பளபளப்பாகவோ இருந்து, அது பிளாஷுக்கு நெருக்கமாக அமைந்துவிட்டால், ஒளி அந்த ஓரத்தில் பட்டுத் தெறித்து லென்ஸுக்குள் நுழைந்துவிடும். வெள்ளைப் புகை என்று நீங்கள் சொல்வது அதுதான். கமராவைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு உள்ள உறைகளில் இது மிக அரிது.

இழையைத் தொடங்கியவர்

நன்றி, ஐயா. பார்த்தேன்; என்னுடையது 5ஜிதான். அசைத்தபோது தட்டல் ஒலியும் கேட்டது. உறையில்லாமல் பதிவு செய்த குரல் மணி போல இருக்கிறது. ‘நோட் 13 தானே?’ என்று கேட்டுவிட்டு எடுத்துத் தந்த கடைக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, ஏனெனில் ஆம் என்று தலையாட்டியவள் நான்தான். அப்படியென்றால் சரியான அளவில் வாங்கினால் மணலும் புகாதா?

மறுமொழி: படகோட்டி, நிலாவெளி

தங்கச்சி, மணல் எந்த உறைக்குள்ளும் புகும்; இறுக்கமான உறையில் குறைவாகப் புகும், அவ்வளவுதான். நான் புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவன் என்பதால் இந்தத் தொல்லையை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். நமது கடற்கரை மணலில் பெரும்பகுதி படிகக்கல். கற்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை காட்டும் மோவின் அளவுகோலில் அது 7. கைத்தொலைபேசிக் கண்ணாடி பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடைப்பட்டது. ஆகவே உறைக்குள் சிக்கிய ஒரு மணற்பருக்கை, நீங்கள் கைத்தொலைபேசியை எடுக்கும் போதும் வைக்கும் போதும் உரசி உரசி, உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்துவிடும். மேல் கண்ணாடிக்கு ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடியின் பெட்டியில் ‘9எச்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மணல் ஒன்றும் செய்யாது என்று நம்பிவிடாதீர்கள். அந்த 9 பென்சில் முனைகளைக் கொண்டு செய்யும் சோதனையின் அளவு; கற்களின் கடினத்தன்மையைக் காட்டும் அளவுகோல் வேறு.

நான் செய்வது இதுதான். வாரத்துக்கு ஒரு தடவை உறையைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட இளஞ்சூட்டு நீரில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்ந்த பிறகே மாட்டுவேன். கைத்தொலைபேசியின் முதுகைத் துணியால் அழுத்தித் துடைக்கும் முன் ஊதியோ மெல்லிய தூரிகையால் தட்டியோ மணலை அகற்றிவிட வேண்டும். மணல் இருக்கும்போதே துடைத்தால் அந்தத் துடைப்பே கீறலாகிவிடும். கடற்கரைக்குக் கொண்டுபோகும் நாட்களில் வாயை இறுக மூடக்கூடிய நீர்புகாப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் வைத்தபடியே படமும் எடுக்கலாம். பையைப் புதிதாக வாங்கியதும் உள்ளே கடதாசித் துண்டொன்றை மட்டும் வைத்து அரை மணி நேரம் வாளி நீரில் அமிழ்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

உங்கள் கைத்தொலைபேசிக்கு ஐ.பி.54 தரம் மட்டுமே உள்ளது. அது தூசியையும் நீர்த் தெறிப்பையும் ஓரளவு தாங்கும். நீரில் விழுவதைத் தாங்குவதற்கானதன்று. அதைவிட உயர்ந்த தரம் உள்ளவற்றைக்கூட நன்னீரில்தான் சோதிக்கிறார்கள், உப்பு நீரில் அல்ல. விலையுயர்ந்த கைத்தொலைபேசியோடு கடலில் இறங்கியவர்கள் கரையேறியதும் விடும் பெருமூச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மறுமொழி: மாணவி, உவர்மலை

அக்கா, அழகைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று நான் எழுதுகிறேன். கண்ணாடி போன்ற உறையை நீங்கள் கைவிட வேண்டாம். அது பெரும்பாலும் ரி.பி.யு. எனப்படும் நெகிழ்பொருளால் ஆனது. வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்களும் வெப்பமும் அந்தப் பொருளின் வேதியியல் அமைப்பையே மாற்றுவதால் மஞ்சளாகிறது. வியர்வையும் சாயமும் பட்டு மேலே படியும் கறையைச் சவர்க்காரத்தால் கழுவலாம். உள்ளிருந்து வரும் மஞ்சளைக் கழுவ முடியாது. ஸ்கூட்டியின் கைப்பிடியில் மாட்டி வெயிலில் கொண்டுபோனால் நான்கு மாதம் என்பதே அதிகம். கச்சான் என்னும் சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் சொல்லவே வேண்டாம்.

என் வழி வேறு. முதுகு மட்டும் தெளிவாகவும் ஓரங்கள் கறுப்பாகவும் உள்ள உறையை வாங்கி, முதுகுக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையில் மெல்லிய துணியையோ தாளையோ அளவாக வெட்டி வைப்பேன். சென்ற மாதம் பத்திக் துணி. இப்போது நானே வரைந்த கோலம். ஓரம் கறுப்பு என்பதால் மஞ்சளாவது கண்ணில் படாது; முதுகு மஞ்சளானாலும் துணியின் நிறத்தோடு கலந்துவிடும். கமராத் துளையைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுங்கள். தடித்த துணி வைத்தால் உறை உப்பிக்கொண்டு மூலைகள் சரியாகப் பொருந்தாது. மின்னேற்றும்போது சூடும் வெளியேறாது.

மறுமொழி: ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், லிங்கநகர்

இளையவர்கள் மறந்துவிட்ட ஒன்று, புத்தகம் போல் மூடும் தோல் உறை. திரையையும் மூடும், அடையாள அட்டையையும் வைத்துக்கொள்ளலாம், பார்வைக்கும் கண்ணியமாக இருக்கும். நான் ஐந்து ஆண்டுகளாக வேறெதுவும் பாவிக்கவில்லை.

மறுமொழி: கைத்தொலைபேசி திருத்துபவர், மத்திய வீதி

ஐயா சொல்வது உண்மையான தோலுக்குப் பொருந்தும். ஆனால் அதுவும் மாரிக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் அடிக்கடி துடைத்துப் பேணப்பட வேண்டும். 2,000 ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் துணியின் மேல் பொலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சைச் சிதைப்பதால் மடிப்பில் வெடித்துச் செதில் செதிலாக உதிரும்.

காந்த வளையத்தைப் பற்றிச் சகோதரி கேட்டிருந்தார். 2020இல் ஐபோன் 12 வெளிவந்தபோது, கம்பியில்லா மின்னேற்றியை நேராகப் பொருத்துவதற்காகக் காந்தங்களைக் கைத்தொலைபேசிக்குள்ளேயே வைத்தார்கள். அதைப் பார்த்து எல்லா உறைகளிலும் வளையம் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் ரெட்மியில் கம்பியில்லா மின்னேற்ற வசதியே இல்லை. எனவே வாகனத்தில் மாட்டும் தாங்கி ஒன்று இருந்தாலன்றி அந்த வளையத்தால் பயனில்லை. காந்தத்தால் கைத்தொலைபேசியின் திசைகாட்டி தவறான திசையைக் காட்டவும் கூடும். இன்னொன்று: புல்மோட்டைப் பக்கத்துக் கடற்கரைகளில் இல்மனைற்று என்ற இரும்புள்ள கனிமம் கலந்த கருமணல் உண்டு, வலிய காந்தத்தில் அது வந்து ஒட்டிக்கொள்ளும். மணலோடு போராடும் ஒருவர் மணலை இழுக்கும் உறையை வாங்குவது எனக்குச் சிரிப்பையே வரவழைக்கிறது, தோழியிடம் சொல்லிவிடாதீர்கள்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. உறையை மாட்டிக் கைத்தொலைபேசியை மேசையில் குப்புற வைத்து, வங்கி அட்டையைத் திரைக்கும் மேசைக்கும் இடையில் செலுத்திப் பாருங்கள். அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர், அது தடையின்றி நுழைந்தால் விளிம்பின் உயரம் போதுமானது. திரையில் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டிய பிறகே இதைச் செய்யுங்கள், ஏனெனில் அக்கண்ணாடியே பெரும்பாலும் 0.33 மில்லிமீற்றரை விழுங்கிவிடும். முற்றிலும் பொலிகாபனேற் என்ற கடினமான பிளாஸ்ரிக்கால் ஆன உறை மெல்லியதாக, அழகாக இருக்கும். ஆனால் விழும்போது அதிர்ச்சியை உறிஞ்சாது, மூலையும் வெடிக்கும். முதுகு கடினமாகவும் ஓரம் நெகிழ்வாகவும் உள்ள கலப்பு வகையையே நான் எடுப்பேன். மூலைகளில் சிறு காற்றறை இருந்தால் மேலும் நல்லது.

இழையைத் தொடங்கியவர்

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நகரில் நான் ஏறிய நான்கு கடைகளிலும் 5ஜிக்குரிய கலப்பு வகை கிடைக்காததால் கொழும்பிலிருந்து இணையத்தில் வருவித்தேன். தெளிவான முதுகு, கறுப்பு ஓரம்; தபாற் செலவோடு 1,250 ரூபாய். அசைத்தால் ஒலியில்லை, வங்கி அட்டை நுழைகிறது, குரலைப் பற்றி இப்போது யாரும் முறையிடுவதில்லை. பிளாஷ் படமும் தெளிவாகிவிட்டது. அம்மாவின் பழைய கைத்தறிச் சேலையின் கிழிந்த முந்தானையிலிருந்து ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். எங்கே வாங்கினாய் என்று அலுவலகத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் கழுவுகிறேன். ஒவ்வொரு முறையும் சிறிது மணல் வரத்தான் செய்கிறது.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. அந்த மினுமினுப்புத் திரவ உறையை அண்ணாவின் மகள் விளையாடக் கேட்கிறாள். மூலையில் பசை வைத்து ஒட்டிக் கொடுக்கலாமா?

மறுமொழி: கைத்தொலைபேசி திருத்துபவர், மத்திய வீதி

வேண்டாம், சகோதரி. 2017இல் அமெரிக்காவில் இதே போன்ற திரவ உறைகள் ஏறத்தாழ 263,000 திரும்பப் பெறப்பட்டன. உறை உடைந்து கசிந்த திரவம் பட்டுத் தோலில் எரிச்சலும் இரசாயனப் புண்களும் ஏற்பட்டதாக முறைப்பாடுகள் வந்தமையே அதற்குக் காரணம். உங்கள் உறையில் இருப்பதும் அதே திரவம்தானா என்பதை நாம் அறிய முடியாது. ஆனால் உங்கள் உள்ளங்கை அரித்திருக்கிறது. இரண்டு பொலித்தீன் பைகளில் இறுகக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். குழந்தைக்கு அந்த வெளிர் நீல உறையைக் கொடுங்கள்; அதற்குத்தான் இனி வேலையில்லையே.