வெள்ளம் வடிந்தும் சீஓ-3 புல் தளிர்க்கவில்லை: தூர் செத்துவிட்டதா?

வெல்லாவெளி:
அரை ஏக்கரில் சீஓ-3 வைத்திருக்கிறேன். 4 கறவைப் பசுக்களுக்கு அதுதான் தீனி. மழை இறுகுவதற்குள் சேர்த்துவிடலாம் என்று கார்த்திகையில் நிலத்தோடு ஒட்ட அறுத்தேன். மறுகிழமை ஏறிய வெள்ளம் 11 நாள் நின்றது. வடிந்து 3 கிழமை ஆகிறது. மேட்டுப்பக்கம் தளிர் வந்துவிட்டது. பள்ளத்தில் ஒன்றையும் காணவில்லை. பொறுப்பதா, பிடுங்கி நடுவதா?

செங்கலடி:
தம்பி, ஒரு தூரைக் கெல்லி, அடிக்கட்டையைக் கத்தியால் நெடுக்கே பிளந்து பாருங்கள். உயிர் இருந்தால் உள்ளே வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும்.

வெல்லாவெளி:
6 தூர் பிளந்தேன் அண்ணன். எல்லாம் பழுப்பாகக் கொழகொழத்துவிட்டது. புளித்த கள்ளின் வாடை வருகிறது.

வந்தாறுமூலை, இப்போது கனடாவின் ஒன்ராறியோ:
அந்த வாடைதான் விடை, தூர் செத்துவிட்டது. காற்றுக் கிடைக்காத வேர், சேமித்த சத்தை முழுதாக எரிக்க முடியாமல் சாராயமாக்கிவிடும். நான் இங்கே பால் பண்ணையில் வேலை செய்கிறேன். பனி மூடினால் புல் செத்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பொலபொலவென்று கிடக்கும் பனி கம்பளியைப் போன்றது. வெளியே உறைநிலைக்குக் கீழ் 25 பாகை குளிர்ந்தாலும், ஒரு சாண் பனிக்கு அடியில் மண் அவ்வளவு குளிராது. நடுவில் மழை பெய்து, பனி உருகி, மறுபடி கட்டியாக உறைந்தால்தான் ஆபத்து. உள்ளே மூச்சுக்கு வழியில்லை. இங்கே தீவனத்துக்கு வளர்க்கும் திமோத்திப் புல் கிழமைக்கணக்கில் தாங்கும். அல்பல்பா என்ற குதிரைமசால் முன்னதாகவே போய்விடும். அதனால் கடைசி அறுப்பில் அரைச் சாண் தாளாவது விடுகிறோம். அது பனியைப் பிடித்துவைக்கும், கட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். உங்கள் பள்ளத்திலும் மூச்சுத்தான் அடைபட்டது. ஒட்ட அறுத்ததால் நீருக்கு மேலே ஓர் இலைகூட மிஞ்சவில்லை.

செங்கலடி:
ஒன்ராறியோத் தம்பி சொல்வது சரி. மாரிக்கு முந்திய அறுப்பை நேரத்தோடு முடித்துவிட்டு, வெள்ளம் வருமுன் புல் முழங்காலுக்கு மேல் வளர இடம் கொடுங்கள். பள்ளத்தில் இனிச் சீஓ-3 வேண்டாம். நீர்ப்புல் நடுங்கள், ஈரத்தில்தான் அது செழிக்கும்.

வெல்லாவெளி:
மேட்டில் விடுபட்ட இடங்களுக்கு?

செங்கலடி:
உயிரோடிருக்கும் தூரில் முற்றிய தண்டாகப் பார்த்து, 2 கணு இருக்கத் துண்டு வெட்டுங்கள். ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். ஈரம் காய்வதற்குள், இந்தக் கிழமையே.