பொருள்: ஏர் பில்டருக்கு 'காற்று வடிகட்டி' போதுமா? என் பரிந்துரை 'தூசிதாங்கி'

ஐயா, அக்கா, தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நாலு நாளா சம்பா அறுப்பு, அதான் நம்ம கலைச்சொல் குழுவுல நீங்க கேட்டதுக்கு உடனே பதில் போட முடியல. நீடாமங்கலம் பக்கம் இப்ப எங்க திரும்புனாலும் அறுவடை மிஷின்தான், ரோட்டு ஓரம் பூரா நெல்லு காயுது, மன்னார்குடி வரைக்கும் கார்ல போயிட்டு வந்தா கண்ணாடியில தூசியும் சுணையும் ஒரு படலமா ஒட்டிக்கிட்டு நிக்குது. இன்ஜினுக்குள்ள போற காத்துல தூசியப் பிடிக்கிற ஏர் பில்டருக்கு என்ன தமிழ்ச்சொல்லுன்னு பேச இதவிட நல்ல மாசம் கிடையாது.

> அண்ணே, என் டர்போ காருக்கு வெளிக் கம்பெனி ஏர் பில்டர் போடலாம்னு இருக்கேன், அதப்பத்தி தமிழ்ல ஒரு குறிப்பு எழுதணும். ஏர் பில்டருக்கு என்ன சொல் போடுறது?

> பாடநூல்களில் 'காற்று வடிகட்டி' என்று உள்ளது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா கேக்குறது நியாயம்தான், பழகுன சொல்லத் தூக்கிப் போடுறதுல எனக்கும் ஆசை இல்ல. ஆனா 'வடி'ங்கிற வேரக் கொஞ்சம் பாருங்க. கஞ்சி வடிக்கிறோம், டிகாக்ஷன் வடியுது, மழை நின்னா வயல்ல தண்ணி வடியுது, அதுக்குத்தான் வடிகால் வெட்டி வச்சிருக்கோம். எல்லாமே தண்ணி மாதிரி ஒண்ணு, தானா கீழ இறங்குது. இன்ஜின்ல காத்து தானா இறங்கல, பிஸ்டன் இழுக்குது, காத்த அழுத்தித் திணிக்கிற டர்போ இருந்தா அது இன்னும் வெறியா இழுக்குது. சரி, உவமைதானேன்னு இதக்கூட விட்டுடலாம், எனக்கு அதவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு. வடிகட்டின்னாலும் சரி, அக்கா சொன்ன காற்றுச் சல்லடைன்னாலும் சரி, கேக்குறவன் மனசுல ஓட்டைதான் வந்து நிக்கும். ஓட்டை பெருசா இருந்தா காத்து நல்லா போகும், வண்டி நல்லா இழுக்கும்னு நினைச்சுக்கிட்டுத்தான் பசங்க காசு போட்டு பில்டர் மாத்துறாங்க.

உள்ள நடக்குறது வேற. ஓட்டையவிடப் பெரிய தூசிய அது தடுக்குது, வாஸ்தவம். ஆனா ஓட்டையவிடச் சின்னத் தூசியும் மாட்டுது. காத்து நாருக்கு நார் வளைஞ்சு நெளிஞ்சு போகும்போது தூசியால அந்த வேகத்துக்கு வளைய முடியல, நார்ல மோதி ஒட்டிக்குது, ரொம்ப பொடியா இருக்குறது சும்மா அலைஞ்சு அலைஞ்சே நார்ல போயி விழுது. பழைய டிராக்டர்ல ஆயில் பாத் ஏர் கிளீனர் பாத்திருப்பீங்க, காத்து எண்ணெய் மேல திரும்பும்போது தூசி எண்ணெயில சிக்கிக்கும், சாயங்காலம் கிண்ணத்தக் கழட்டுனா அடியில சேறு மாதிரி கெடக்கும். இப்ப காருக்கு விக்கிற எண்ணெய் தடவுன பருத்தி பில்டரும் பாதிக்குப் பாதி அந்த வித்தைதான். இதுல எங்க இருக்கு வடிக்கிறது?

அதனால என் பரிந்துரை தூசிதாங்கி. இடிதாங்கி இடியத் தன் மேல வாங்கிக்கிட்டு வீட்டக் காப்பாத்துது, நம்ம சாலை ஓரத்து சுமைதாங்கிக் கல்லு பாரத்த வாங்கிக்கிட்டு ஆள நிமிர விடுது, அந்த மாதிரி இது தூசிய வாங்கிக்கிட்டு இன்ஜினக் காப்பாத்துது. பொருள் அப்படியே உக்காருது. இன்னொண்ணு, இத நான் உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிக்கல. போன மாசம் ஸ்பேர் கடையில ஒரு மிராசுதார் "இந்த பில்டரு அறுப்புத் தூசியத் தாங்குமாப்பா"ன்னு கேட்டாரு, சொல்லு அங்கயே இருந்துச்சு, நான் குனிஞ்சு எடுத்துக்கிட்டேன் அவ்வளவுதான்.

ஐயா 'வளி'ன்னு தொடங்கலாம்னும் எழுதியிருந்தீங்க. எனக்கும் அந்தச் சொல் மேல பிரியம்தான், கரிகாலனப் பாடும்போது வெண்ணிக் குயத்தியார் 'வளிதொழில் ஆண்ட'ன்னு சொன்னதுல அது வருது, அந்த வெண்ணி எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்குற கோயில்வெண்ணிதான்னு சொல்லுவாங்க. ஆனா ஒர்க்‌ஷாப்ல வளின்னா யாருக்கும் புரியாது, காத்துன்னாதான் புரியும். அதோட இந்தச் சாமான் காத்த ஒண்ணும் பண்ணல, தூசியத்தான் பிடிச்சு வைக்குது, அதனால பேரும் தூசியில தொடங்கட்டும்.

> 'தாங்கி' ஏற்கெனவே பேரிங்குக்கு வழங்குகிறதே, குழப்பம் வராதா?

வராதுன்னு நினைக்கிறேன் ஐயா. பந்துத்தாங்கியும் இடிதாங்கியும் ஒரே புத்தகத்துல வந்தாக்கூட யாரும் தடுமாறல, முன்னாடி நிக்கிற சொல்லு வழி காட்டிடுது. ஈழத்து நண்பர் ஒருத்தர் தாங்கின்னா எங்களுக்கு டாங்க், தூசித்தொட்டின்னு ஆயிடுமேன்னாரு. யோசிச்சுப் பாத்தா அதுவும் தப்பே இல்ல! எவ்வளவு தூசிய ஏத்துக்கிட்டு நிக்கும்ங்கிறதுதானே இதுக்கு உயிர்.

இங்கதான் வெளிக் கம்பெனி பில்டர் போடணும்ங்கிற தம்பியோட விஷயத்துக்கு வர்றேன். இன்ஜினுக்குள்ள போற காத்தச் சுத்தம் பண்ற சாமானுக்கு ஐஎஸ்ஓ 5011னு ஒரு சோதனை முறை இருக்கு, அதுல முக்கியமா மூணு விஷயம் அளக்குறாங்க. காத்துக்கு எவ்வளவு தடை குடுக்குது, வர்ற தூசியில எத்தன சதவீதம் பிடிக்குது, அடைச்சுக்குற வரைக்கும் எவ்வளவு தூசி கொள்ளுது. இழுப்புத்தடை, பிடிதிறன், தாங்களவு, இந்த மூணையும் சேத்து வச்சுக்கலாம்னு கேட்டுக்குறேன். விளம்பரத்துல மொதல் ஒண்ணத்தான் பெருசாப் போடுறாங்க. தடையக் குறைச்சா மத்த ரெண்டுல ஒண்ணாவது பெரும்பாலும் இறங்கும். நம்ம ஊரு தூசிக்கு தாங்களவும் பிடிதிறனும்தான் மொதல்ல வேணும், உமியிலயே சிலிக்கா அதிகம், கிட்டத்தட்ட மணல் மாதிரி அராவும்.

டர்போவுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும். 1.5 லிட்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து ஓடும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2250 லிட்டர் காத்து இழுக்கும், டர்போ ரெண்டு மடங்கு அழுத்தத்துல திணிச்சா வெளியிலேருந்து ஏறக்குறைய 4000 லிட்டர் வரணும். அவ்வளவும் பில்டர் தாண்டி நேரா நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல ஓடுற டர்போவோட சின்னச் சக்கரத்து மேல போயி விழுது, அந்த வேகத்துல பொடி மணல் பட்டா இறக்கை நுனி தேஞ்சு போகும். தடையையும் அதுக்காக ஒதுக்கிட முடியாது. வெளிய காத்தழுத்தம் 100 கிலோபாஸ்கல், உள்ள 200 வேணும்னா டர்போ அழுத்தத்த ரெண்டு மடங்கு ஆக்கணும், பில்டர் 5 தின்னுடுச்சுன்னா 95லேருந்து 200க்கு ஏத்தணும், ரெண்டே கால் கூட இல்ல, 2.1தான், ஆனா அதுக்காக அது கூடுதலாச் சுத்தும், காத்து கூடுதலாச் சூடாகும். நல்ல நிலையில இருக்குற கம்பெனி பில்டர்ல இந்தத் தடை பெருசா இருக்காது. மைலேஜ் கூடும்னு யாரு சொன்னாலும் நம்பாத தம்பி, 2009ல அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் புது மாதிரி பெட்ரோல் காருங்கள்ல பில்டர அடைச்சே வச்சுப் பாத்துச்சு, மைலேஜ்ல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல, அடைச்சா வண்டியோட வேகமெடுப்புதான் குறைஞ்சுச்சு.

நான் பட்டதையும் சொல்லிடுறேன். போன வருஷம் எண்ணெய் தடவுற பருத்தி பில்டர் ஒண்ணு வாங்கிப் போட்டேன். கழுவுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கழுவிட்டு எண்ணெயக் கொஞ்சம் தாராளமா ஊத்திட்டேன், அது காத்தளவு பாக்குற சென்சார் கம்பியில போயி படிஞ்சு, இன்ஜின் லைட்டு எரிஞ்சு, திருவாரூர் போற வழியில வண்டி திணறி நின்னுச்சு. சென்சாரக் கழுவி மாட்டுனதும் சரியாயிடுச்சு, ஆனா அன்னிக்கு அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிக்கிட்டு இருந்தேன், அந்த அரை மணி நேரம் இன்னும் எனக்கு மறக்கல. அதுக்கப்புறம் பழைய பெட்டியிலயே பேப்பர் பில்டர்தான்.

பெட்டியக் கழட்டிட்டு கூம்பு மாதிரி திறந்த பில்டர் போடவே போடாத, அது இன்ஜின் சூட்டுக் காத்த இழுக்கும். கீழ பம்பர் கிட்ட வாய வச்சு குளுந்த காத்து எடுக்குற குழாயும் நம்ம பக்கம் வேணாம், கார்த்திகை மழையில ரோட்டு மேல முழங்கால் தண்ணி நிக்கிற ஊரு இது, ஒரு மடக்கு உள்ள போனா பிஸ்டனோட சேந்த தண்டு, அதான் கனெக்டிங் ராடு, வளைஞ்சுடும்.

இன்னொண்ணு, பஞ்சர் கடையில நிறுத்தி காத்து அடிச்சு அடிச்சுச் சுத்தம் பண்ற பழக்கம். கொஞ்சம் தூசி படிஞ்ச பில்டர் புதுசவிட நல்லாவே பிடிக்கும், படிஞ்ச தூசியே அடுத்த தூசிக்கு வலை. ஓயாம அடிச்சா பேப்பர் கண்ணுக்குத் தெரியாமக் கிழியும். வடிகட்டின்னு பேரு இருக்குறதாலதான் டீ வடிகட்டி மாதிரி தட்டித் தட்டிக் கழுவத் தோணுதோன்னு எனக்கு ஒரு எண்ணம். தாங்கின்னு சொன்னா அது தாங்குற வரைக்கும் தாங்கும், அப்புறம் மாத்தணும்னு தானாவே புரியும்.

2010லேருந்து அண்ணா பல்கலையில மெக்கானிக்கல் தமிழ்வழியில நடக்குது, அந்தப் பிள்ளைங்க நாளைக்கு ஒர்க்‌ஷாப் வாசல்ல வந்து நின்னு பேசுற சொல்லு இது. அதனால ஐயா, காற்று வடிகட்டிய அழிக்க வேணாம், பக்கத்துலயே தூசிதாங்கியையும் போட்டு வைங்கன்னுதான் கேக்குறேன். அக்கா, 'தூசு'வா 'தூசி'யாங்கிறதுல உங்க முடிவு என்னன்னு சொல்லுங்க, எனக்கு பேச்சுல இருக்குற தூசிதான் பிடிச்சிருக்கு.

வெளிக் கம்பெனி சாமானச் சொல்ற ஆஃப்டர்மார்க்கெட்டுக்கு இதுவரைக்கும் வந்ததுல 'வெளித்தயாரிப்பு' பரவாயில்ல, போலிச் சரக்கு வேற இது வேறன்னு அதுல தெளிவாத் தெரியுது. டர்போசார்ஜருக்கு 'சுழல் மின்னூட்டி'ன்னு ஒரு குறிப்புல பாத்தேன், தயவு செஞ்சு அத மட்டும் எடுத்துடுங்க, அங்க ஏத்துறது காத்து, கரண்ட் இல்ல.