ப்ளூ ராம் மீன் ஒவ்வொண்ணா சாகுது, அவசரம், என்ன மருந்து போடணும்?

குட்டிவாலு: வணக்கம், நாலு ப்ளூ ராம் வாங்கி விட்டேன், நேத்து ஒண்ணு போச்சு இன்னைக்கு காலைல இன்னொண்ணு, மீதி ரெண்டும் மூலைல கருத்துப்போய் நிக்குது, சாப்பாடு போட்டா வாயில எடுத்து துப்புது. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, நியான் மீன் எல்லாம் ஜோரா சுத்துது. மருந்து பேர் சொல்லுங்க சீக்கிரம்

பாசிவலை: எத்தனை லிட்டர், எத்தனை நாளா ஓடுற தொட்டி? மீன் கழிவால சேர்ற விஷம், அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா? தண்ணி தெளிவா இருக்குங்கறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

கூழாங்கல்: ஹீட்டர்தான். எழுதி வச்சுக்கோங்க. ராம் ஒரினோகோ ஆத்துப் பக்கத்து மீன், அதுக்கு 27-30 டிகிரி வேணும், நியானுக்கு 24லயே சுகம்.

நீந்துறவன்: கழிவு வெள்ளையா நூல் மாதிரி வருதா? வந்தா ஹெக்ஸாமிட்டா, குடல்ல வர்ற ஒட்டுண்ணி, அதுக்கு மெட்ரோனிடசோல் மருந்து வேணும்

பெரியதுடுப்பு: இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதறது. லிட்டர் கூட சொல்லாம மருந்து கேட்டா ஜோசியமா பாக்க முடியும்? ராம் புதுசா வளக்கறவங்களுக்கான மீனே இல்ல. ராம் மாதிரி குட்டி சிக்லிட் வகை மீன்தான் வேணும்னா பொலிவியன் ராம், இல்ல க்ரிபென்சிஸ். ரெண்டும் கொஞ்சம் தாங்கும்.

கூழாங்கல்: க்ரிபென்சிஸா? முட்டை போட்டுச்சுன்னா பாதி தொட்டிய வளைச்சுக்கிட்டு மத்த மீன விரட்டி அடிக்கும். அதுக்கு காக்கட்டூ அபிஸ்டோன்னு இன்னொரு குட்டி சிக்லிட் எவ்வளவோ மேல்.

பெரியதுடுப்பு: அபிஸ்டோ குஞ்சு பொரிச்சா பொம்பள மீன் சும்மா இருக்குமா? வளத்துப் பாத்துட்டு பேசுங்க.

கூழாங்கல்: மூணு ஜோடி வளத்துட்டுதான் பேசறேன்

குட்டிவாலு: 80 லிட்டர், ஆறு மாசமா ஓடுது, ஹீட்டர் 28ல இருக்கு. டெஸ்ட் கிட் இல்ல. கழிவு சாதாரணமாதான் இருக்கு

பாசிவலை: ஆறு மாசம் ஓடின தொட்டில திடீர்னு சாகுதுன்னா, இப்ப ஏதாவது மாத்தினீங்களா? ஃபில்டர் கழுவினீங்களா?

குட்டிவாலு: ஆமா, ராம் வர்றதுக்கு முந்தின நாள் சுத்தமா இருக்கட்டும்னு ஸ்பாஞ்ச குழாயடில வெள்ளையாகற வரைக்கும் பிழிஞ்சு கழுவினேன், பழைய மணலையும் மாத்திட்டேன். அது தப்பா

பாசிவலை: அதான் விஷயம். அம்மோனியாவ நைட்ரைட்டாவும் அத நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியா ஸ்பாஞ்சுலயும் மணல்லயும்தான் ஒட்டியிருக்கும், அதுல பாதி குழாய்த் தண்ணி குளோரின்ல செத்துச்சு, மீதிய மணலோட கொட்டிட்டீங்க. அப்புறம் புதுசா நாலு மீனும் விட்டீங்க. இடம் மாறி வந்த ராம்தான் முதல்ல விழும். மருந்து வேண்டாம். இப்பவே பாதி தண்ணி மாத்துங்க, குளோரின் எடுத்த தண்ணி, சூடு அதே 28. ரெண்டு நாள் சாப்பாடு நிறுத்துங்க, அப்புறமும் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 ஆகற வரைக்கும் தினமும் கொஞ்சம் மாத்தணும். பிஹெச் குறைக்கறேன்னு எதையும் ஊத்தி வைக்காதீங்க. இனிமே ஸ்பாஞ்ச தொட்டியில இருந்து எடுத்த தண்ணிலயே ரெண்டு தடவ பிழிஞ்சா போதும், அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

நீந்துறவன்: ஒருவேளை ஹெக்ஸாமிட்டாவும் சேர்ந்து இருக்கலாம்ல

குட்டிவாலு: கிட் வாங்கிட்டேன், அம்மோனியா 1 ppm காட்டுச்சு. ஒரு ராம்தான் மிச்சம், இன்னைக்கு சாப்டுச்சு. ரொம்ப நன்றி பாசிவலை அக்கா

பாசிவலை: அண்ணன்தான், பரவால்ல. நைட்ரைட் எவ்ளோ காட்டுச்சு?

பாசிவலை: குட்டிவாலு, இருக்கீங்களா?