டானசால் எடுக்கப்போகும் பெண்களுக்கு, என் அனுபவம்

பரம்பரை ஆஞ்சியோடிமா என்ற வீக்க நோய்க்கு டானசால் மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்த சகோதரிக்காக எழுதுகிறேன். எனக்கும் அதே நோய்தான். உதடு, கை, முகம் என்று திடீர் திடீரென வீங்கும். அரிப்போ தடிப்போ இருக்காது. குடல் வீங்கினால் வரும் வயிற்றுவலியைச் சொல்லி மாளாது. வெகுகாலம் அலர்ஜி என்றே நினைத்து செட்ரிசினும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். அவை கேட்கவில்லை, ஏனென்றால் இந்த வீக்கத்துக்குக் காரணம் அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமின் இல்லை, ரத்தக்குழாய்களிலிருந்து நீரைக் கசியவைக்கும் பிராடிகைனின் என்ற பொருள். அதைக் கட்டுக்குள் வைக்கும் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் எனக்குக் குறைவு. ரத்தத்தில் சி4 என்ற இன்னொரு புரதத்தின் அளவைப் பார்த்த பிறகுதான் நோய் பிடிபட்டது.

டானசால் செயற்கை ஆண் ஹார்மோன் வகை மருந்து. கல்லீரல் அந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்க உதவுகிறது. இதன் பலன் 1976-லேயே ஆய்வில் உறுதியானது. எனக்கு வீக்கம் கிட்டத்தட்ட நின்றே போனது. தொண்டை அடைத்துவிடுமோ என்ற பயமில்லாமல் தூங்க முடிந்தது. அதற்காக இந்த மாத்திரைக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

ஆனால் உடம்பு ஏறியது, பருக்கள் வந்தன, மாதவிடாய் தள்ளிப்போனது, தாடையில் முடி முளைத்தது. அளவைக் குறைத்ததும் இவையெல்லாம் ஓரளவு அடங்கின. குரல்தான் அடங்கவில்லை. முதலில் ஜலதோஷம் பிடித்தது போலக் கரகரத்தது, அப்புறம் கனத்துப்போனது. போனில் பேசினால் "சார்" என்கிறார்கள். மருந்தை நிறுத்தினாலும் குரல் பழையபடி ஆகாமல் போகலாம் என்பதை ஆரம்பத்திலேயே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதனால் கரகரப்பு தொடங்கினால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீண்டகாலத்துக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். அதிலும் குறைவாக எடுத்து வீக்கம் கட்டுப்பட்டால் இன்னும் நல்லது. கல்லீரல், கொழுப்பு பரிசோதனைகளையும் கல்லீரல் ஸ்கேனையும் தவறவிடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்பே பேசிவிடுங்கள், கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேண்டாம், அதுவே வீக்கத்தைத் தூண்டும்.

இன்னொன்று, தொண்டை வீங்கத் தொடங்கியபின் டானசால் உதவாது. அது முன்கூட்டித் தடுக்க மட்டும்தான். அந்த நேரத்தில் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள், அங்கே சி1 இன்ஹிபிட்டர் அல்லது இகாட்டிபான்ட் ஊசி தேவைப்படும்.

லனடெலுமாப் போன்ற புதிய தடுப்பு ஊசிகள் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்த்தீர்களா? உங்களுக்கு எத்தனை மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள்?